வார்னிஷ் அடித்த பனி

ஊட்டி, குன்னூர் பக்கம் விற்கும் மூடுபனி ஓவியங்களில் பலவற்றுக்கு ஒரே வியாதி. தேயிலைச் சரிவு சரியாக இருக்கும், கற்பூர மரம் சரியாக இருக்கும், பனியின் சாம்பல்கூடச் சரியாக இருக்கும். எதிரே போய் நின்றால் பனிக்குப் பதில் ஜன்னலும் டியூப்லைட்டும் தெரியும். மேலே பளபளவென்று வார்னிஷ். பனி வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். வார்னிஷ் அதைக் கண்ணாடி மாதிரி ஒரே பக்கம் திருப்பியடிக்கும். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டு நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப், ப்ளைல் என்ற நான்கு கட்டடக்கலை மாணவர்கள் தொடங்கிய 'ப்ரூக்கே' ஓவியக் குழு இந்தப் பளபளப்போடுதான் சண்டை போட்டது. கண்ணில் பட்டதை அப்படியே வரையாமல், உணர்ச்சிக்காக நிறத்தையும் உருவத்தையும் முறுக்கும் எக்ஸ்பிரஷனிசத்தின் முன்னோடிகள் இவர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாடல் நிலையை மாற்ற, அதற்குள் வரைந்து முடிப்பது அவர்கள் பழக்கம். ட்யூபிலிருந்து வரும் கெட்டி எண்ணெய் வண்ணம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கிர்ஷ்னர் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து, கொஞ்சம் மெழுகு சேர்த்தார். வண்ணம் நீர்போல ஓடியது, சீக்கிரம் இறுகியது, காய்ந்த பிறகு சுண்ணாம்புச் சுவர்போல மங்கலாக நின்றது. அதன்மேல் வார்னிஷ் பூசுவது அவருக்குப் பிடிக்காது. நிறம் கத்த வேண்டும், பூச்சு மின்னக் கூடாது என்பதுதான் கணக்கு. நீலத்தில் ஒரு முகம், ஆரஞ்சில் ஒரு முதுகு என்று வைக்கும்போது பளபளப்பு இருந்தால் அது அலங்காரமாகிவிடும்; மங்கலாக இருந்தால் நேராக வந்து அடிக்கும்.

இதை மலையில் செய்ய எல்லாம் கிடைக்கிறது, பெட்ரோல் மட்டும் வேண்டாம். இன்றைய பெட்ரோலில் கலந்திருப்பவை வேறு, தீ ஆபத்தும் மிக அதிகம். அந்த இடத்துக்கு டர்பன்டைன் போதும். நல்ல தேன்மெழுகு 100 கிராமைச் சீவி, ஒரு சிறு பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெழுகு உருக 62 முதல் 65 டிகிரியே போதும் என்பதால் சிக்கலில்லை. உருகியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வேறு இடத்துக்கு எடுத்துப் போய், 300 மில்லி டர்பன்டைனை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். ஆறினால் வெண்ணெய்ப் பதம். குளிருக்காகக் கணப்பு எரியும் அறையில் இதைச் செய்யவே கூடாது. டர்பன்டைன் ஆவி கனமானது. தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிரில் வரைகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

இந்தப் பசையில் ஒரு பங்கு, எண்ணெய் வண்ணத்தில் மூன்று பங்கு: இங்கே ஆரம்பியுங்கள். பாதிக்கு மேல் மெழுகு போனால் பூச்சு என்றைக்கும் மென்மையாகவே இருக்கும். விரல் பட்டால் தடம், தூசு விழுந்தால் ஒட்டல். அந்தப் படத்தைச் சித்திரையில் கார் டிக்கியில் வைத்துக் கோயம்புத்தூருக்கு இறக்கினால் ஒட்டிய காகிதம் பிரிந்து வராது. மெழுகே வேண்டாம் என்றால் இன்னொரு வழி: ட்யூப் வண்ணத்தைச் சாதா அட்டைமேல் பிதுக்கி ஓரிரு மணி நேரம் விட்டால், அட்டை எண்ணெயைக் குடித்துவிடும். மிச்சத்தை டர்பன்டைனில் கரைத்துப் பூசினால் நல்ல மங்கல் வரும். ரொம்ப நேரம் விட்டுவிட்டால் நிறமியைப் பிடிக்க எண்ணெய் இல்லாமல், காய்ந்தபின் துணியால் தொட்டாலே பொடியாக வரும்.

பனிக்கு எந்த வெள்ளை என்று கேட்பார்கள். டைட்டானியம் எதையும் மூடிவிடும்; பனி சுவராகிவிடும். ஜிங்க் ஒயிட் மெல்லிய திரை மாதிரி விழும், ஆனால் எண்ணெயில் வருடங்கள் போகப் போக அது நொறுங்கும் தன்மைக்குப் போய், மேலே உள்ளதையும் சேர்த்து உரித்துவிடும். டைட்டானியத்தையே மெழுகுப் பசையில் நீட்டி, உலர்ந்த பிரஷால் தேய்த்து ஏற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது, எதன்மேல் வரைகிறோம் என்பது. 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் ஓவியர் கோகன் 20 மீட்டர் சணல் துணி வாங்க, அவரும் வான்கோவும் அதன்மேல் வரைந்தார்கள். எக்ஸ்பிரஷனிஸ்ட்டுகளுக்கு முந்திய தலைமுறை அது. ஆனால் முரட்டுத் துணி என்ன செய்யும் என்பதை அதிலேயே பார்க்கலாம். கோடு நூலுக்கு நூல் தாவித் தாவிப் போகும். கண்ணிமை வரைய முடியாது, உதட்டோரச் சிரிப்பு வரைய முடியாது. நுணுக்கம் கையிலிருந்து பறிக்கப்படுவதால் உருவம் தானாகவே கனத்துப் பெரிதாகிறது. சாக்குப் போட்டால் எக்ஸ்பிரஷனிசம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வழவழப்பான கான்வாஸில் சொல்லக்கூடிய பொய்களைச் சாக்கில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

நமக்கு உருளைக்கிழங்குக் கோணி இருக்கிறது. நேராகச் சட்டத்தில் இழுத்துவிடாதீர்கள். சணல் நார் நூற்கும்போதே அதில் ஒருவித எண்ணெய் சேர்ப்பார்கள். அது இருக்கும்வரை எந்தப் பூச்சும் ஒழுங்காகப் பிடிக்காது. சலவை சோடா போட்ட வெந்நீரில் இரண்டு முறை அலசி, மண்ணும் எண்ணெயும் போனபின் நிழலில் உலர்த்தி, அதற்கப்புறம் இழுங்கள். முன்பே இழுத்தால் முதல் ஈரப்பூச்சில் சுருங்கிச் சட்டத்தையே முறுக்கிவிடும். வெறும் கோணிமேல் எண்ணெய் வண்ணம் படக் கூடாது. எண்ணெய் நாரைச் சுட்டதுபோல் ஆக்கி, சில வருடங்களில் கருவாடு மாதிரி உடையவைக்கும். அக்ரிலிக் மீடியம் 2 கோட், அது காய்ந்தபின் ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சு) 2 அல்லது 3 கோட். ஜெஸ்ஸோவைப் பிரஷால் தடவாமல் ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் வழித்துப் பூசினால், ஓட்டைகள் அடைந்தும் நெசவு தெரிந்தும் இருக்கும்.

தச்சு வேலைக்கான வச்சிரத்தை, அதாவது தோல் பசையைக் காய்ச்சிப் பூசும் பழைய ஐரோப்பிய முறையை மலையில் விட்டுவிடுவதே நல்லது. தோல் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும், வெயில் மாதத்தில் விறைக்கும். மேலே இருக்கிற வண்ணம் இந்த இழுபறியில் வெடிக்கும். கூடவே பூஞ்சைக்கு அது விருந்து. ஃபெவிகால் போன்ற சாதாரண வெள்ளைப் பசையும் ஈரத்தில் இளகும். இரண்டடிக்கு மேல் பெரிய படம் என்றால் கோணியைச் சட்டத்தில் தொங்கவிடாமல், 9 அல்லது 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் ஒட்டிவிடுங்கள். ஆடி மழையில் தொய்ந்து பங்குனியில் மத்தளமாவது அப்போது நிற்கும்.

தைலத்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. டர்பன்டைனுக்குப் பதில் நீலகிரித் தைலம் ஊற்றலாமா? கரைக்கும், தாராளமாகவே கரைக்கும், அதுதான் பிரச்சினையும். அரைகுறையாகக் காய்ந்த கீழ்ப்பூச்சைக் கடித்து இளக்கிவிடும். நேற்று வைத்த சிவப்பு இன்று வைக்கும் வெள்ளையில் ரோஸாகக் கசியும். டர்பன்டைனைவிட மெதுவாக ஆவியாகும் என்பதால் படம் இன்னும் நேரம் பிடிக்கும். கலப்படம் வேறு. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை நின்றால் அதில் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது, படத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பிரஷ் கழுவ, பழைய பாலெட்டைச் சுத்தம் செய்ய உத்தமம். ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றே பயன்படுத்தலாம்: மேல்பூச்சை வைத்துவிட்டு, தைலத்தில் நனைத்த துணியால் துடைத்துக் கீழிருப்பதை வெளியே கொண்டுவர. படத்தைக் காயப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அது நல்ல கத்தி.

காயப்படுத்துவது என்றதும் நார்வே ஓவியர் மூங்க் வருகிறார். 1885-86இல் வரைந்த 'நோயுற்ற குழந்தை'யின் ஈர வண்ணத்தைச் சுரண்டி, பூசி, மறுபடி சுரண்டினார்; அந்தக் கீறல்கள் இல்லாமல் அந்தப் படத்தில் துக்கம் இல்லை. 1893இன் 'அலறல்' கான்வாஸில்கூட இல்லை, அட்டையில். டெம்பராவும் கிரேயானும். பல இடங்களில் வெற்று அட்டையின் பழுப்பு அப்படியே தெரிகிறது. அவசரமாக, கையில் கிடைத்ததில் கொட்டியதுபோன்ற அந்தத் தோற்றத்தைப் பூசி மெழுகிய கான்வாஸ் தந்திருக்காது. முடித்த படங்களை மழையிலும் பனியிலும் வெளியே விட்டுவைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

அதைப் பார்த்து நாமும் வெளியே வைக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு சேதி. 'அலறல்' படத்தின் 1910 வாக்கிலான இன்னொரு வடிவம் ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் காட்மியம் மஞ்சள் வெளிறி, ஏரிப் பகுதியில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வு, வெளிச்சத்தைவிட ஈரக்காற்றே முதல் குற்றவாளி என்று காட்டியது. தூய்மை குறைந்த மஞ்சள் ஈரத்தில் காட்மியம் சல்பேட்டாக மாறுகிறது. ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது நல்லது என்றார்கள். மழைக்காலத்தில் இங்கே அந்த எண்ணைச் சாதாரண வீட்டில் எட்டவே முடியாது. ஆகவே மலிவான மாணவர் ரக மஞ்சளைத் தவிர்த்துவிட்டு, மண்மஞ்சளை, அதாவது இரும்பு ஆக்சைடு மஞ்சளை நம்புங்கள். கத்தும் மஞ்சள் வேண்டும் என்றால், பக்கத்தில் ஒரு ஊதாவை வைத்து மண்மஞ்சளைக் கத்தவைக்கலாம்.

அக்ரிலிக் பயன்படுத்துகிறவர்கள் குளிரில் ஏமாறும் விஷயம் ஒன்று. எண்ணெய் வண்ணம் காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அது நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அக்ரிலிக் அப்படியில்லை. தண்ணீர் போனபின் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்ட வேண்டும். சுமார் 9, 10 டிகிரிக்குக் கீழே அது நடக்காது. மார்கழி இரவில் சூடில்லாத அறையில் பூசிய ஜெஸ்ஸோ காலையில் காய்ந்த மாதிரியே இருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக வரும், அல்லது மயிர்க்கோடு மாதிரி வெடித்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது, சுரண்டிவிட்டு மறுபடிதான். அக்ரிலிக் வேலைகளைக் காலை 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் அம்பர் பழுப்பு சீக்கிரம் காயும், காட்மியம் சிவப்பும் ஐவரி கறுப்பும் தாமதம். தாமதக்காரனை அடியில் போட்டு அவசரக்காரனை மேலே ஏற்றினால் விரிசல் உறுதி. எக்ஸ்பிரஷனிசத்தில் கெட்டிக் கறுப்புக் கோடுகள் அதிகம், அதனால் இது அடிக்கடி நடக்கும். கோட்டைக் கடைசியாகப் போடுங்கள்.

இனி மரம். மரச்செதுக்கு அச்சுக்கு எக்ஸ்பிரஷனிஸ்ட்டுகள் கொடுத்த இடம் பெரிது. ப்ரூக்கேயின் 1906 கொள்கை அறிக்கையையே கிர்ஷ்னர் எழுத்தெழுத்தாக மரத்தில் செதுக்கினார். காரணம் எளிது: பென்சில் எங்கு வேண்டுமானாலும் போகும், உளி போகாது. மரத்தின் ரேகை விட்டால்தான் வளைவு, இல்லையென்றால் சிம்பு. முகம் கோணலாவது ஓவியரின் விருப்பமும் மரத்தின் பிடிவாதமும் சேர்ந்த வேலை. ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பல வருடம் செப்புத்தகட்டிலும் கல்லச்சிலும் வேலை செய்தவர்; 1920இல் சிற்பி பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்தபின் உளியை எடுத்தார். 1921-22இல் செதுக்கிய 'போர்' வரிசையில் 7 அச்சுகள். செப்புத்தகட்டில் சாம்பலின் நூறு படிகள் உண்டு. ஆறுதல் சொல்ல இடமிருக்கும். மரத்தில் கறுப்பு, வெள்ளை, இரண்டே. மகனை இழந்த பெற்றோர் இருவரும் ஒரே கறுப்புக் கட்டியாகக் குனிந்திருப்பதைப் பார்த்தால் அவர் ஏன் மாறினார் என்று கேட்கத் தோன்றாது.

இங்கே இரண்டு மரங்களை வைத்துப் பார்க்கலாம். தேயிலைத் தோட்ட நிழல்மரமான சில்வர் ஓக்கும், பழத்தோட்டத்துப் பேரி மரமும். பேரி நெருக்கமான, சீரான மரம். எந்தத் திசையிலும் உளி ஓடும், மெல்லிய கோடு நிற்கும். சில்வர் ஓக்கில் பெரிய பெரிய புள்ளிரேகைகள் உண்டு. அந்த இடத்தில் உளி தாவும், துண்டு பெயரும். கோபமான, உடைந்த கோடு வேண்டுமென்றால் அதுவே வசதி. ஜெர்மன் ஓவியர் நோல்டேயின் 1912 'தீர்க்கதரிசி'யில் மர ரேகை முகத்தின் சுருக்கங்களோடு கலந்துவிடுவதைக் கவனியுங்கள். ரேகை அச்சில் தெரிய வேண்டுமானால், செதுக்கும் முன் கம்பி பிரஷால் ரேகைப் போக்கிலேயே அழுத்தித் தேய்த்து, மென்மையான பகுதியைப் பள்ளமாக்குங்கள். குறுக்கே தேய்த்தால் வெறும் கீறல்தான் மிஞ்சும்.

பலகை 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம், நன்றாக உலர்ந்தது. செதுக்கும் ஆழம் 2, 3 மில்லிமீட்டர். பெரிய வெள்ளைப் பரப்பில் இன்னும் ஆழம், இல்லையென்றால் ரோலர் அங்கேயும் மை தொட்டுவிடும். இரண்டு பக்கமும் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கோட் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை அப்பளமாக வளையும். அச்சு இயந்திரம் தேவையில்லை, எண்ணெய் மையும் எவர்சில்வர் கரண்டியின் முதுகும் போதும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். கறுப்பு திட்டுத்திட்டாக வந்தால் பெரும்பாலும் மை குறைவு என்று நினைப்பார்கள். குளிரில் மை இறுகியிருப்பதும் அதே தோற்றம் தரும். கண்ணாடிமேல் மையை ஐந்து நிமிடம் கத்தியால் பிசைந்து பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

பல நிற அச்சு மலையில் தலைவலி. இன்று ஒரு நிறம், நாளை ஒரு நிறம் என்றால் இரவுப் பனியில் பலகை குறுக்குவாட்டில் உப்பி, இரண்டாவது நிறம் தள்ளி உட்காரும். மூங்க் வைத்திருந்த குறுக்குவழி இதற்கு அருமை: பலகையைக் கம்பி வாளால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் தனி நிறம் ஏற்றி, திரும்பச் சேர்த்து வைத்து ஒரே அழுத்தில் எடுத்துவிடுவார். நிறம் விலகும் பேச்சே இல்லை. துண்டுகளுக்கு இடையே வாள் போன தடம் வெள்ளைக் கோடாக நிற்கும்; இரண்டு பேர் பக்கத்தில் நின்றும் தனித்தனியாக இருப்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. சாலை வெட்டிய மேட்டில் தெரியும் செம்மண் நல்ல நிறமி. மேல்மண் வேண்டாம், அதில் மக்கிய இலை. தேயிலைக்காட்டு மண்ணில் உரத்தின் உப்பு இருக்கும். சரியாக அலசாவிட்டால் படத்தின்மேல் வெள்ளையாகப் பூக்கும். ஒரு கிலோவை இடித்துச் சலித்து, 5 லிட்டர் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, ராத்திரி தெளியவிட்டு, நீரை வடித்துவிடுங்கள். இதையே மூன்று முறை. காய்ந்த பொடியைக் கண்ணாடிப் பலகையில் ஆளிவிதை எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். மண் நிறைய எண்ணெய் கேட்கும், கேட்கிறதே என்று ஊற்றிவிட்டால் பளபளப்பு வந்து, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர்களின் ஓவியங்கள் மண், கரி, இலைச்சாறு, வேங்கை மரத்தின் செந்நிறப் பிசின் ஆகியவற்றால் ஆனவை; கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை அருகே பாறையிலேயே தொல்லோவியங்கள் உள்ளன. இந்தப் பொருள்களை நாமும் எடுக்கலாம், மண் பொதுச்சொத்து. உருவங்களை எடுப்பது வேறு. டிரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க, பலாவு தீவுச் செதுக்கல்களைப் பார்த்து ப்ரூக்கேக்காரர்கள் வடிவங்களை மட்டும் உருவிக்கொண்டார்கள். அவை யாருடைய வழிபாடு என்று கேட்கவில்லை. நூறு வருடம் கழித்து அதே தப்பை நாம் மலைமேல் செய்ய வேண்டியதில்லை. தொழில்முறைக் குறிப்பு ஒன்றும் உண்டு: இலைச்சாற்றுப் பச்சை வெளிச்சத்தில் நிற்காது, பழுத்துவிடும்.

கிர்ஷ்னரே கடைசியில் மலையேறியவர்தான். 1917இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போய், 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கு வளரும் மரத்தில் கட்டிலும் நாற்காலியும் செதுக்கினார். அவர் வரைந்த வடிவங்களை லீஸே குயர் தறியில் நெய்தார். பொருள் மாறியதும் படமும் மாறியது: பெர்லின் தெருப் படங்களின் கூர்கூரான கோடு குறைந்து, நெசவுபோல் தட்டையான பரப்புகள் வந்தன.

நீர்வண்ணக்காரர்களுக்கு நோல்டே. உறிஞ்சும் ஜப்பான் தாளை முழுக்க நனைத்து, வண்ணம் தானே பரவும்படி விடுவார். நிறம் தாளின் பின்பக்கம்வரை இறங்கும். சமவெளியில் இதைச் செய்தால் பாதியில் காய்ந்து விளிம்பு கட்டும். இங்கே மூடுபனி நாளில் தாள் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், நிதானமாக வேலை செய்யலாம். 1908 குளிர்காலத்தில் ஜெர்மனியின் கோஸ்பெடாவில் அவர் வெளியே வரைந்தபோது, தாளிலேயே நீர் உறைந்து நட்சத்திரமும் கதிருமாகப் படிந்தது. அதை அவர் அழிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஊட்டியில் தை மாதம் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் புல்மேல் உறைபனி விழும்போது இதை முயலலாம். 300 ஜிஎஸ்எம் தாளை முந்தின இரவே ஒரு தகரத்தின்மேல் சமமாக வையுங்கள்; மரப்பலகை குளிர்வதற்குள் விடிந்துவிடும். விடியற்காலை 5 மணிக்கு மெல்லிய படலமாக மட்டும் வண்ணம் ஊற்றுங்கள். குளம் கட்டினால் மேலே பாளம் உறைந்து, உருகும்போது எல்லாம் ஒன்றாகக் கலந்து சேறாகும். பனிப் படிகம் வளரும்போது நிறமியை ஓரத்துக்குத் தள்ளும்; ஃபெர்ன் இலைபோல் கோடுகள் வரும். நீலமும் அம்பரும் நன்றாகத் தள்ளப்படும், சாயம் போன்ற மென்மையான நிறங்கள் தாளில் ஊறிவிடுவதால் கோடு மங்கும். பிறகு வெயில் தொடும் முன் தகரத்தோடு நிழலுக்கு மாற்றுங்கள், துளியும் சாய்க்காமல். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கணப்பு அருகே சுத்தமாகக் கூடாது. நிழலில் மெல்ல உருகி அப்படியே காய்ந்தால் பத்தில் மூன்று நான்கு தாள்களில் படிகத்தின் தடம் நிற்கும். மற்றவற்றைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள், சில சமயம் நல்லது அங்கே இருக்கும்.